இரண்டாம் பாகத்தின் கறுப்பு அட்டை

முதல் பாகத்தில் வெள்ளம்தான் எதிரி. வெள்ளத்திற்கு முகம் இல்லை, அது யாருடைய மகனும் இல்லை. சீட்டுக் கட்டில் நீலம் வந்தால் ஆறு ஒரு கோடு ஏறும். கரையோரம் கட்டிய மரவீடுகளை எடுத்துப் பெட்டி மூடிக்குள் போடுவோம், போட்டுவிட்டுத் தேநீர் குடிப்போம். அழிந்தது யாருடைய வீடென்றாலும் சாபம் ஆற்றுக்குத்தான். ஆறு அதை வாங்கிக்கொண்டு பேசாமல் மேசையில் கிடக்கும்.

பல வருடங்கள் அப்படி விளையாடினோம். ஓர் ஆறு, அதன் கரையில் ஒரு நகரம், நகரத்தில் நான்கு வட்டாரங்கள், வட்டாரத்துக்கு ஒருவராக நாலு பேர். துறை கட்டலாம், பாலம் போடலாம், களஞ்சியம் எழுப்பலாம். கடைசியில் யாருடைய வட்டாரம் செழித்ததோ அவர் வென்றவர். மகள் பள்ளிக்கூடத்துப் பழைய சாமான் சந்தையில் இருந்து தூக்கிவந்த மேசை விளையாட்டுப் பெட்டி அது. அவள் வேலைக்கென்று மியூனிக் போனபோது பெட்டி ஹம்பேர்க்கிலேயே தங்கிவிட்டது. பிள்ளைகள் போன வீடுகளில் இப்படி ஏதாவது ஒன்று மிஞ்சும். சிலர் வீட்டில் மிருதங்கம், சிலர் வீட்டில் கராட்டி உடுப்பு. எங்கள் வீட்டில் ஒரு நகரம்.

ஞாயிறு பின்னேரங்களில் நாலு பேர் கூடுவோம். நான். துறைமுகக் கிட்டங்கியில் போர்க்லிப்ட் ஓட்டும் என் கணவர். மேல்மாடி அக்கா, பேக்கரியில் பாண் விற்பனைக்கு நிற்பவர், தோற்றால் முகம் கறுத்து வென்றால் கட்டடம் முழுக்கக் கேட்கக் கத்துகிறவர். நாலாவது லிப்ட் அண்ணை.

எங்கள் கட்டடத்து லிப்ட் நின்றுபோன ஒரு ஞாயிறு, அதைத் திருத்த வந்தவர் அவர். தமிழர் என்று கண்டதும் கணவர் தேத்தண்ணிக்கு உள்ளே கூப்பிட்டார். கோப்பையைக் கையில் பிடித்தபடி மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அக்காவும் பாதி ஆட்டத்தில் இருந்தோம்.

"உந்தத் துறையை அங்க கட்டினா அடுத்த வெள்ளத்தில போயிடும், தங்கச்சி."

"உங்களை ஆரும் கேட்டவையோ?" என்றார் அக்கா.

"கேக்கேல்லைத்தான். ஆனாப் போயிடும்."

போய்விட்டது. அடுத்த ஞாயிறு வரச் சொன்னோம். அன்று முதல் அந்தக் கதிரை அவருடையது.

அது சும்மா கதிரை இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஊரில் பிறந்து, விமானம் ஏறி, இங்கே ரயில் நிலையத்தை ஒட்டிய தமிழ்க் கடைகளில் வந்து குடியேறிய கதை. போர்க்காலத்தில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பு. பள்ளிக்கூட மைதானத்தில் இளைஞர்களை வரிசையாக நடக்க விட்டார்கள். ஜீப்புக்குள், ஆளைக் காட்டிக்கொடுக்க, தலையில் சாக்குப் போட்ட ஒருவன், கண்ணுக்கு இரண்டு துளை. சாக்கு அசைந்தால் அந்தப் பெடியன் வரிசையை விட்டு ஒதுங்க வேண்டும். அண்ணைக்கும் அசைந்தது. கொண்டுபோனார்கள். கொஞ்சக் காலத்தில் அவர் மட்டும் திரும்பி வந்தார், கூடப் போனவர்கள் வரவில்லை. இவ்வளவுதான் யாரும் கண்டது. மிச்சத்தைச் சனம் கட்டிக்கொண்டது. தனியாக ஒருவன் ஏன் வந்தான்? அதற்குப் பிறகு நடந்த சுற்றிவளைப்பில் சாக்குக்குள் இருந்தது யார்? சாக்குக்குள் யார் என்று ஒருவருக்கும் தெரியாது, ஆகவே யாராகவும் இருக்கலாம், ஆகவே அவராகவும் இருக்கலாம்.

கல்யாண மண்டபத்தில் அவருக்குப் பக்கத்துக் கதிரை கடைசி வரை வெறுமையாகவே கிடக்கும். கோயில் சாப்பாட்டில் அவர் உட்கார்ந்த மர வாங்கில் இலை தள்ளி விழும். கடைக்குள் அவர் நுழைந்தால் மரவள்ளிக் கிழங்கைப் பற்றிய பேச்சுக்கூட நின்றுபோகும். அவர் ஒரு நாளும் எதையும் மறுத்துச் சொன்னதில்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. நாங்கள் கேட்டதும் இல்லை. கேட்காமல் இருப்பதை மரியாதை என்று நினைத்திருந்தோம்.

ஆக, இந்தப் பெரிய நகரத்தில் தமிழ் பேசிக்கொண்டு அவர் உட்காரக்கூடிய மேசை ஒன்றே ஒன்று. அது எங்களுடையது.

இரண்டாம் பாகம் வருகிறது என்ற செய்தி வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்கும் நிலவறையில் எனக்கு வேலை. நாள் முழுக்க ஆவியும் இரும்பும். கத்தரிக்கோல்களை அடுக்கும்போது நான் மனதுக்குள் துறைகளை அடுக்கிக்கொண்டிருப்பேன். பெட்டி கைக்கு வந்த நாள் S-பான் ரயிலில் இருந்தே விளையாட்டின் சட்டப் புத்தகத்தைப் பிரித்தேன். இறங்க வேண்டிய தரிப்பைத் தாண்டிப்போய், மழையில் எதிர்மேடைக்கு ஏறி, மழையிலேயே மிச்சத்தையும் படித்தேன்.

ஆறு உறைந்துவிட்டது. முதல் பக்கமே அப்படித்தான் தொடங்குகிறது. அதே நகரம், அதே நான்கு வட்டாரங்கள், ஆனால் வெள்ளம் இல்லை, முற்றுகை. வெளியே ஒரு படை. காசு என்ற சங்கதியே கிடையாது, பாண்தான் நாணயம். பாணைச் சேமிக்கவும் முடியாது, குளிர் சுற்று வந்தால் பாதி பூஞ்சணம் பிடித்துப்போகும். நகரத்துக்கு ஒரேயொரு மதில், அது எல்லோருக்கும் பொது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துணிப்பை கைமாறி வரும். அதற்குள் கையை விட்டு ஒரு துண்டைப் போட வேண்டும், கல் அல்லது வைக்கோல். கல்லைப் போட்டால் மதிலுக்கு. வைக்கோலைப் போட்டால் அந்தக் கல்லை உன் வீட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். யார் எதைப் போட்டது என்று தெரியாது. பையை மேசையில் கவிழ்க்கும்போது ஒரு வைக்கோல் இருந்தாலும் மதில் ஒரு படி இறங்கும்.

படித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒரு மதிலை யோசித்தவன் மனிதரோடு வாழ்ந்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் இருந்தது கறுப்பு அட்டை. தொடக்கத்தில் ஆளுக்கு ஓர் அட்டை கவிழ்த்துக் கொடுக்கப்படும். மூன்று வெள்ளை, ஒன்று கறுப்பு. கறுப்பு வந்தவர் வெளியே நிற்கும் படையின் ஆள். மதில் விழுந்தால் அவருக்கு வெற்றி. ஆகவே சுற்று முடிவுகளில் சபை கூடும். எல்லோரும் கண்ணை மூடி, மூன்று வரை எண்ணி, ஒருவரை நோக்கி விரலை நீட்ட வேண்டும். கண்ணைத் திறந்தால் அதிக விரல் யார் பக்கமோ அவர் ஆட்டத்தை விட்டுப் போக வேண்டும். அவருடைய வட்டாரத்தை, விரல் நீட்டியவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். அட்டையில் ஒரு சித்திரம், முக்காடு போட்ட மனிதன். சட்டப் புத்தகத்தில் அதற்கு ஜெர்மன் சொல் இருந்தது. அதைத் தமிழில் எங்கள் மேசையில் ஒருவரும் சொல்லவில்லை. கறுப்பு அட்டை என்றோம். முதல் நாளிலிருந்தே அப்படித்தான்.

அதை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுத்தால் இரண்டாம் பாகம் என்பது பனி கொட்டிய முதல் பாகம். விளையாட்டுத்தானே என்று விட்டுவிட்டேன்.

முதல் ஞாயிறு ஒரே முறைப்பாடு.

"காசில்லாத விளையாட்டு என்ன விளையாட்டு? பாணைக் குடுத்துப் பாண் வாங்கிறதோ?" என்றார் கணவர்.

"நான் கிழமை முழுக்க நிண்டு பாண் விக்கிறன்," என்றார் அக்கா. "ஞாயிற்றுக்கிழமையும் எனக்குப் பாணோ? கோதாரி. இதில புட்டு ஒண்டும் இல்லையே?"

"குளிர் கெதியா வருது. மூச்சு விட நேரமில்லை," என்றேன் நான்.

"இஞ்சேர், உன்ர விளையாட்டுத்தானே, நீயே மூச்சு விடாமல் விளையாடு. இந்தத் துண்டுகளைப் பார், கடுகளவு. என்ர கைக்கு ஏலாது."

"உங்கட கை போர்க்லிப்டுக்குச் செய்த கை," என்றார் அக்கா.

லிப்ட் அண்ணை மட்டும் பையைக் கையில் எடுத்து எடைபார்ப்பதுபோல ஆட்டினார். "ஆரார் என்ன சொன்னாலும் மதில் நல்ல யோசனை. பையைக் கவிழ்க்கேக்க ஒரு சத்தம் வருது பாருங்கோ. முதல் பாகத்தில உப்பிடி ஒரு சத்தம் இல்லை."

உண்மைதான். பை கவிழும் அந்த நொடியில் நாலு பேரும் மூச்சை நிறுத்துவோம். கல், கல், வைக்கோல், கல். ஆஹா, ஆரது, ஆரது வைக்கோல்? முகங்கள் அப்பாவிகளாக மாறும். அக்கா தன் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுச் சத்தியம் பண்ணுவார், பண்ணும்போதே அவர்தான் என்று தெரிந்துவிடும். வருடக்கணக்காக ஒரே மேசையில் இருந்தவர்களை இந்தப் பை ஒரே பின்னேரத்தில் புதியவர்கள் ஆக்கியது.

பிறகு சபை கூடியது. கண்ணை மூடினோம். கணவர் எண்ணினார். கண்ணைத் திறந்தால் மேசையின் மேல் நாலு பொத்திய கைகள். ஒரு விரல் இல்லை.

சிரித்தோம். மறுபடி எண்ணினோம். மறுபடியும் நாலு பொத்திய கைகள். விரல் நீளாவிட்டால் என்ன ஆகும் என்று சட்டப் புத்தகத்தைத் தேடினேன். அப்படி ஒரு நிலைமையை எழுதியவர் நினைத்தே பார்த்திருக்கவில்லை. ஜெர்மன்காரன் விளையாட்டு என்றால் விளையாட்டுத்தான் என்று விரலை நீட்டுவான். எங்கள் கைக்கு அது வரவில்லை. ஒருவரைக் காட்டு என்று சொன்னால் கை தானாக மூடிக்கொள்கிறது. விளையாட்டைத் தமிழர்கள் பரிசோதித்துப் பார்த்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாம் ஞாயிறு கறுப்பு அட்டை கணவருக்கு வந்தது. பாதி ஆட்டத்தில் வியர்த்துப்போய் அட்டையைத் தூக்கி மேசையில் எறிந்தார். "நான்தான் அப்பா, நான்தான். இந்தா. எனக்குப் பொய் சொல்லி இருக்க ஏலாது." மூன்றாம் ஞாயிறு ஒருவரும் விரல் நீட்டாமலே மதில் விழுந்தது, அக்கா வென்றார், ஆனால் கத்தவில்லை.

"இது என்ன வெற்றி? பிச்சை போட்ட மாதிரிக் கிடக்கு," என்று அட்டைகளைத் தள்ளினார். "ஒண்டில் சரியா விளையாடுவம், இல்லாட்டிப் பெட்டியை மூடுவம். அடுத்த முறை எல்லாரும் கை நீட்ட வேணும். சரியோ? லிப்ட் அண்ணை, சரியோ?"

"ஓம், ஓம். நீட்டுவம்," என்றார் அவர்.

நாலாம் ஞாயிறு கறுப்பு எனக்கு வந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேசையில் நான் வேறு ஆள். நிலவறையில் ஆவிக்குள் நின்று தலையாட்டும் பெண் அல்ல. அட்டையைப் பார்த்து முகம் மாறாமல் கவிழ்த்து வைத்தேன். முதல் இரண்டு சுற்றுகளில் கல்தான் போட்டேன். குளிர் வந்து எல்லோரும் பசித்துப் பதறிய சுற்றில் வைக்கோல் போட்டேன். மதில் இறங்கியது. மிச்சம் வைத்த கல்லை என் வீட்டில் கட்டாமல் கைக்குள் வைத்திருந்தேன். அந்த நேரம் பார்த்து லிப்ட் அண்ணையின் களஞ்சியம் ஒரு மாடி உயர்ந்தது, அவர் முறையாகப் பாண் கொடுத்துச் சேர்த்து வைத்திருந்த கல்லால்.

"அண்ணைக்கு மட்டும் கல் எங்கால வருது?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நல்ல ஆட்டம் அது, இப்போதும் சொல்வேன்.

சபை. கண்ணை மூடினோம். ஒண்டு, ரெண்டு, மூண்டு.

திறந்தபோது மூன்று விரல்கள் அவரை நோக்கி. அக்காவுடையது, கணவருடையது, என்னுடையது. நாலாவது கை, அவருடையது, மேசையில் பொத்தியபடி இருந்தது.

முதல் பாகத்தில் யாராவது விழுந்தால் அக்கா கூரை பறக்கக் கத்துவார், கணவர் பாடுவார், விழுந்தவர் ஆற்றைத் திட்டுவார். அன்று ஒன்றும் இல்லை. மழை கண்ணாடியில் வழிந்தது. மூன்று விரல்களையும் எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. சட்டென்று எடுத்தால் தப்புச் செய்தது போலாகும், வைத்திருந்தால் இன்னும் மோசம். அக்கா தன் விரலை மெல்ல வளைத்துத் தேநீர்க் கோப்பையின் காதுக்குள் ஒளித்தார். கணவர் இருமினார்.

அண்ணை எங்களைப் பார்த்தார். விரல்களை அல்ல, முகங்களை, ஒவ்வொன்றாக. பிறகு தன் அட்டையைத் திருப்பினார். வெள்ளை.

"வேறென்ன," என்று எழும்பி சோபாவில் போய் உட்கார்ந்தார். சட்டம் அதுதான், ஆட்டத்தை விட்டுப் போக வேண்டும். அவருடைய வட்டாரத்தைப் பங்கு போட்டோம். பாலம் அக்காவுக்கு, கிணறு கணவருக்கு, களஞ்சியம் எனக்கு. அந்தச் சின்ன மரக்கட்டையை என் பக்கம் நகர்த்தி நேராக வைத்தேன். அவர் அணைந்து கிடந்த தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மதில் விழுந்தது. நான் கறுப்பைத் திருப்பிக் காட்டினேன்.

"நல்லா விளையாடினீர், தங்கச்சி," என்றார் சோபாவில் இருந்து. "ஒரு பிசகும் இல்லை."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. கணவர் போன் எடுத்துக் கேட்டார், வேலையாம். அதற்கடுத்த ஞாயிறும் வேலையாம். லிப்ட்கள் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழுதாகத் தொடங்கிவிட்டன.

மூன்று பேருக்கு இந்த நகரம் சரிவராது. பை சீக்கிரம் சுற்றி வந்துவிடும், வைக்கோலை ஒளிக்க இடமில்லை. நான்காவது வட்டாரம் மேசையில் வெறுமையாகக் கிடந்தது. அதை மறைக்க அக்கா அதன்மேல் கச்சான் கடலைத் தட்டை வைத்தார்.

"எல்லாம் உம்மட பெட்டியால வந்தது," என்றார் என்னிடம்.

"நீங்கள்தானே கை நீட்டச் சொன்னனீங்கள்?"

"நான் அவருக்கு நீட்டச் சொன்னனானோ?"

"நீங்களும் நீட்டினீங்கள்."

"நீட்டினன்தான்! களஞ்சியம் உயர்ந்து கிடந்தது, நீட்டினன். வேற ஒண்டும் நினைக்கேல்லை. கடவுளாணை நினைக்கேல்லை."

கணவர் கச்சான் தோலை ஊதினார். "நினைக்கேல்லை எண்டா ஏன் அதுக்குப் பிறகு உங்கட சத்தம் அடைச்சது?"

அந்தக் கேள்வி எங்கள் மூவருக்கும் பொதுவானது, மதிலைப் போல.

சட்டப் புத்தகத்தில் ஒரு வழி இருந்தது. கறுப்பு அட்டை இல்லாமலும் ஆடலாம். அட்டையை எடுத்து மகளின் பழைய அறை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு அவருக்கு நானே போன் எடுத்தேன்.

"அண்ணை, அந்தக் கறுப்பை எடுத்திட்டம். வாங்கோ."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது, எங்கோ கட்டடத்தின் உச்சியில் நின்றிருக்கிறார். "ஏன் எடுத்தனீங்கள்?"

"விளையாட்டு இழுபடுது. அக்காக்கும் அது விருப்பமில்லை."

"அக்காக்கோ?" சிரித்தார். "அக்காக்கு அதுதானே விருப்பம்." கதவொன்றைச் சாத்தினார், காற்று அடங்கியது. "தங்கச்சி, அது இல்லாட்டி உந்த மதிலுக்கு என்ன வேலை? எல்லாரும் கல்லைத்தான் போடுவினம். ஒவ்வொரு முறையும் பையைக் கவிழ்க்கேக்க எனக்காண்டித்தான் எடுத்தது எண்டு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். திருப்பிப் போடுங்கோ. போட்டா வாறன்."

போட்டேன். வந்தார். அக்கா ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வந்தார், தேவைக்கு மேலே. கணவர் தேவைக்கு மேலே கதைத்தார். சீட்டுப் போட்டோம்.

அன்று அவர் விளையாடிய மாதிரி ஒருவரும் விளையாடி நான் கண்டதில்லை. பை அவரிடம் வந்தபோது வைக்கோலை இரண்டு விரல்களுக்கிடையில் எடுத்து, எங்கள் மூவருக்கும் தெரியும்படி உயர்த்திக் காட்டி, பிறகு உள்ளே போட்டார். மதில் இறங்கியது. சபை கூடியது. கண் திறந்தால் அக்காவின் விரல் கணவரை நோக்கி, கணவருடையது என்னை நோக்கி, என்னுடையது அக்காவை நோக்கி. பேசி வைக்கவில்லை. ஆளுக்கொரு விரல், ஒருவரும் வெளியேறவில்லை.

அண்ணையின் விரல் தன் நெஞ்சைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இது எண்ணப்படாது," என்றேன்.

அடுத்த சுற்று. மறுபடி வைக்கோலை உயர்த்திக் காட்டினார். "பாருங்கோ, நல்லாப் பாருங்கோ, இது வைக்கோல்," என்றார், சந்தையில் விலை கூறுபவர் போல. மறுபடி கண் திறந்தால் எங்கள் மூன்று விரல்களும் ஒன்றையொன்று துரத்தி ஒரு வட்டம். அவர் அதற்கு வெளியே.

"ஒருக்கா எண்டாலும் என்னைக் காட்டுங்கோவன். விளையாட்டுத்தானே."

"ஏலாது, அண்ணை," என்றார் அக்கா. அவருடைய கை மேசைக்குக் கீழே போய்விட்டது.

"அண்டைக்கு ஏலுமா இருந்ததே?"

"அண்டைக்கு யோசிக்கேல்லை."

"அதுதான். அந்த யோசிக்காத நேரம்தான் எனக்கு வேணும்." அவர் குரல் உயரவில்லை. "மூண்டு விரலும் வந்தது எனக்கு ஒண்டுமில்லை. களஞ்சியம் உயர்ந்து கிடந்தது, நானெண்டாலும் அங்கதான் காட்டியிருப்பன். உண்மையைச் சொன்னா ஒரு நொடி சந்தோசமாக்கூட இருந்தது, பாருங்கோ. மற்ற ஆக்களைப் போல எனக்கும் காட்டுகினம் எண்டு. பேந்துதான் உங்கட முகங்களைப் பாத்தன்."

அப்போது கேட்டிருக்கலாம். அண்ணை, அந்தக் காலத்தில் என்னதான் நடந்தது என்று கேட்டிருக்கலாம். கணவர் வாயைத் திறந்து, "ரோல்ஸ் ஆறுது, எடுங்கோ," என்றார்.

அவர் ஒன்றை எடுத்தார். முழுவதும் சாப்பிட்டார். கடைசிச் சுற்றில் மதில் விழுந்தது. கறுப்பு அட்டையைத் திருப்பி வைத்தார். ஒருவரும் வியக்கவில்லை, வியந்ததுபோல் நடிக்கவும் எங்களுக்கு வரவில்லை. கல்லை ஒரு பைக்குள்ளும் வைக்கோலை ஒரு பைக்குள்ளும் பிரித்துப் போட்டு, பெட்டியை மூடி, ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனார். லிப்ட் இறங்கும் சத்தம் கேட்டது. அது எங்கும் நிற்காமல் நேரே கீழே போனது.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கூப்பிட்டால் எடுப்பார், நலம் கேட்பார், சிரிப்பார். வருகிறேன் என்று சொல்ல மாட்டார். மேசை சாப்பாட்டு மேசை ஆனது. அக்கா ஞாயிறுகளில் மேலே தனியாகத் தொடர் நாடகம் பார்க்கிறார், கூரை வழியாக அதில் வரும் அழுகை எங்களுக்குக் கேட்கிறது. நானும் கணவரும் எதிரெதிரே உட்கார்ந்து போனைப் பார்க்கிறோம். துரோகமே இல்லாத நகரம் எவ்வளவு அமைதியானது என்று யாராவது கேட்டால் என் வீட்டுக்கு வந்து பார்க்கலாம்.

மாரி காலம் பிறந்த பிறகு ஒரு நாள் அக்கா படியில் என்னை மறித்தார். பாண்கடைக்கு எதிரே அந்த வட்டாரத்துப் பொதுமண்டபம். வியாழன் பின்னேரம் அங்கே விளையாட்டுக் கூட்டம், யாரும் போகலாம், மேசை மேசையாக ஜெர்மன்காரர்.

"அண்ணை அங்க போறார்," என்றார். "கடையைப் பூட்டேக்க கண்டனான். இரண்டு மூண்டு தரம்."

"என்ன விளையாடுகினம்?"

"எனக்கென்ன தெரியும்? கண்ணாடிக்குள்ளால பாத்தன், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவை."

அடுத்த வியாழன் வேலை முடிந்து நேரே அங்கே போனேன். ஏன் போனேன் என்று சரியாகச் சொல்ல முடியாது. கூட்டிவர என்று நினைத்திருப்பேன், மன்னிப்புக் கேட்க என்றும் நினைத்திருப்பேன். மனதுக்குள் ஒரு பேச்சை ரயில் முழுக்கத் தயார்செய்து வைத்திருந்தேன், துண்டு துண்டாக. இருட்டிவிட்டது. மண்டபத்தின் தெருப்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உள்ளே மஞ்சள் வெளிச்சம், வெளியே தூறல். சைக்கிள்கள் சாய்த்திருந்த கம்பியோடு நானும் சாய்ந்து நின்றேன்.

ஜன்னலோர மேசையில் இருந்தார். எங்கள் விளையாட்டுத்தான், எங்கள் மதில், அதே துணிப்பை. ஆறு பேர் ஆடினார்கள், அதற்கென்று இன்னொரு பெட்டி விற்கிறார்கள் போல. ஒரு நரைத்த தாடி, பச்சைத் தலைமயிரோடு ஒரு பெட்டை, வேலைக் காற்சட்டையோடு ஒரு தடியன், இன்னும் இரண்டு பேர். எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். தாடிக்காரரின் உதடு எண்ணியது. ஐன்ஸ், ஸ்வை, ட்ரை.

ஐந்து விரல்களும் அவரை நோக்கி.

அண்ணை மேசையில் ஓங்கி அடித்தார். கைகளைத் தூக்கினார், தலையில் வைத்தார், ஜெர்மனில் ஏதோ கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை, அப்போதும் கண்ணாடி தடுத்தது. பச்சைத் தலைமயிர்க்காரி விரலை எடுக்காமல் அவர் மூக்குக்கு அருகே கொண்டுபோய் ஆட்டினாள், நீதான், நீதான், எனக்குத் தெரியும். தடியன் அவர் தோளைப் பிடித்து உலுக்கினான். அவர் சிரித்தார். வாய் முழுக்கத் திறந்து, கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிய, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அட்டையைத் திருப்பினார். வெள்ளையா கறுப்பா, என் கோணத்துக்குத் தெரியவில்லை. மேசையே எழும்பி ஆரவாரித்தது.

அவர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. அவருடைய முகத்தில் அவர்கள் பார்ப்பது, நன்றாகப் பொய் சொல்லும் ஒரு லிப்ட் திருத்துகிறவரை. நான் கதவைத் திறந்து உள்ளே போனால், வணக்கம் அண்ணை என்று ஒரு சொல் தமிழில் சொன்னால், அந்தப் பள்ளிக்கூட மைதானமும் ஜீப்பும் என் பின்னால் உள்ளே வரும். அவர் நிமிர்ந்து முதலில் என் முகத்தைப் பார்ப்பார். என் முகத்தை நான் நம்பவில்லை.

கதவு திறந்தது. ஒரு பெண் சிகரெட்டுக்கு வெளியே வந்தாள். வெளிச்சம் நடைபாதையில் விழுந்தது, நான் ஒதுங்கிக்கொண்டேன். என்னை நனைந்த விளையாட்டுக்காரி என்று நினைத்திருப்பாள். கதவைக் காலால் பிடித்துக்கொண்டு, உள்ளே வாங்கோ, இடமிருக்கு, ஆட ஆள் தேடுகிறோம் என்றாள் ஜெர்மனில்.

எனக்கு விளையாடத் தெரியாது என்றேன்.

பரவாயில்லை, சொல்லித் தருவார்கள், அந்த ஜன்னலோர மனிதர் நன்றாகச் சொல்லித் தருவார் என்றாள்.

இல்லை, ரயிலுக்கு நேரமாகிறது என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுக் காலை எடுத்தாள், கதவு மூடிக்கொண்டது. உள்ளே புதிய ஆட்டத்துக்குச் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.